ப்ளகினோடு சேர்ந்து போக வேண்டிய கோப்புகள்: ஸ்கைரிம் மாட் செய்பவர்களுக்கு

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு உரையாடலோடு ஒரு மாட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) வெளியிட்டவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. புது ஆட்டம் தொடங்கினால், மாட் சேர்த்த கதாபாத்திரம் ஊரில் நிற்கிறார். ஆனால் அவரிடம் பேசப் போனால் க்வெஸ்டை (விளையாடுபவர் முடிக்க வேண்டிய பணியை) தொடங்கும் வரி மட்டும் பட்டியலில் இல்லை. மாட் செய்தவர் தன் கணினியில் திறந்து பார்க்கிறார். அங்கே அந்த வரி இருக்கிறது. ஸ்கிரிப்ட் சரி, நிபந்தனைகள் சரி, ப்ளகினைத் திறந்து பார்க்கும் கருவியான எக்ஸ்எடிட்டில் பிழை தேடினாலும் ஒன்றும் வரவில்லை.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இ.எஸ்.பி கோப்பில், அதாவது மாட்டின் தரவு இருக்கும் ப்ளகினில், தவறு இல்லை. அதோடு போக வேண்டிய இன்னொரு கோப்பு போகவில்லை, அல்லது பழையது போயிருக்கிறது. ஒரே ஒரு க்வெஸ்ட் உள்ள மாட்டில் அந்தக் கோப்பின் மொத்த அளவு நான்கு பைட்.

இந்தப் பதிவு அப்படிப்பட்ட துணைக்கோப்புகளைப் பற்றியது: சீக் கோப்பு, முகக் கோப்புகள், குரல் கோப்புகள். இவற்றை எப்படி உருவாக்குவது என்று சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. எப்போது மறுபடி உருவாக்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெளிவாக இல்லை. மாட்டுகள் உடைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனை வைத்து எழுதுகிறேன். 2011இன் பழைய பதிப்பு வேறுபடும் இடங்களில் அதைக் குறிப்பிடுகிறேன்.

எதனால் பிணைந்திருக்கின்றன

ப்ளகினுக்குள் உள்ள ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் (கதாபாத்திரம், க்வெஸ்ட், பொருள் போன்ற ஒவ்வொரு பதிவுக்கும்) எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று உண்டு, அதுதான் ஃபார்ம் ஐடி. முதல் இரண்டு இலக்கம் அது எந்த ப்ளகினைச் சேர்ந்தது என்று சொல்லும். மீதி ஆறு இலக்கம் அந்த ரெக்கார்டின் சொந்த எண். துணைக்கோப்புகளுக்கும் ப்ளகினுக்கும் இடையே உள்ள உறவு இரண்டே கயிறுகளில் தொங்குகிறது. ஒன்று ப்ளகினின் பெயர், மற்றது இந்த எண். கோப்பு இருக்கும் கோப்புறைக்கோ கோப்புக்கோ ப்ளகினின் பெயர் வைக்கப்படுகிறது. கோப்பின் பெயரிலோ உள்ளேயோ ஃபார்ம் ஐடி எழுதப்படுகிறது. அந்தப் பெயரும் எண்ணும் ப்ளகினில் மாறினால் துணைக்கோப்புகள் தானாக மாறாது. கருவிகளும் எச்சரிப்பதில்லை. ஆட்டம் அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காது, சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும்.

சீக் கோப்பு

ஸ்கைரிமின் அதிகாரப்பூர்வ மாட் கருவியான கிரியேஷன் கிட்டின் க்வெஸ்ட் சாளரத்தில் 'ஸ்டார்ட் கேம் எனேபிள்ட்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. ஆட்டம் தொடங்கியதுமே ஓட வேண்டிய க்வெஸ்டுகளுக்கு அதை டிக் செய்வோம். உரையாடலைத் தாங்கும் க்வெஸ்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். இப்படி டிக் செய்த க்வெஸ்டுகளின் ஃபார்ம் ஐடிகளை வரிசையாக எழுதி வைத்த பட்டியல்தான் சீக் கோப்பு. தலைப்பு, பதிப்பு எண் என்று அதில் வேறு எதுவும் கிடையாது. ஒரு க்வெஸ்டுக்கு நான்கு பைட் வீதம் அடுக்கியிருக்கும், அவ்வளவுதான். டேட்டா கோப்புறைக்குள் 'சீக்' என்ற கோப்புறையில் ப்ளகினின் பெயரோடு இருக்க வேண்டும். ப்ளகினின் இ.எஸ்.பி, இ.எஸ்.எம் என்ற நீட்சி இந்தப் பெயரில் வராது.

கோப்பு இல்லையென்றால் என்ன ஆகும்? க்வெஸ்ட் ஓடும். கன்சோலில் (ஆட்டத்துக்குள் கட்டளை எழுதும் இடத்தில்) எஸ்-க்யூ-வி கட்டளையோடு க்வெஸ்டின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டும். அதன் உரையாடல் மட்டும் தலைகாட்டாது. ஒருமுறை சேவ் செய்து, அந்த சேவை மறுபடி லோட் செய்தால் உரையாடல் வந்துவிடும். மாட் செய்தவருடைய கணினியில் எல்லாம் சரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அவர் சோதிக்கும் சேவ், இந்த ப்ளகினோடு ஏற்கெனவே பல தடவை சேவ் ஆகி லோட் ஆனது. க்வெஸ்ட் ஓடுகிறது, உரையாடல் இல்லை, சேவ்-லோடுக்குப் பிறகு வருகிறது என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். சீக் கோப்பைப் பாருங்கள்.

உருவாக்குவது அரை நிமிட வேலை. எக்ஸ்எடிட்டில் உங்கள் ப்ளகினைத் திறந்து, இடது பலகத்தில் அதன் பெயர் மீது வலது கிளிக் செய்து, 'அதர்' என்ற உட்பட்டியலில் 'கிரியேட் சீக் ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேவைப்படும் க்வெஸ்ட் எதுவும் இல்லையென்றால் கோப்பு உருவாகாது, செய்திப் பலகத்தில் அதைச் சொல்லிவிடும். கிரியேஷன் கிட்டையும் கட்டளை வரியிலிருந்து சீக் உருவாக்கும் சுவிட்சோடு ஓட்டலாம். ஆனால் எக்ஸ்எடிட் வழியே எளிது. மாஸ்டர்கள் (உங்கள் ப்ளகின் சார்ந்திருக்கும் மற்ற ப்ளகின்கள்), பிழைகள் எல்லாம் அதே சாளரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

எக்ஸ்எடிட்டை, மாட்டுகளை நிர்வகிக்கும் மாட் ஆர்கனைசர் 2 வழியாக ஓட்டினால், புதிய கோப்பு உங்கள் மாட்டின் கோப்புறைக்குப் போகாது. இடது பலகத்தின் அடியில் இருக்கும் 'ஓவர்ரைட்' கோப்புறையில் விழும். அங்கிருந்து இழுத்து மாட்டுக்குள் போட வேண்டும். இதை மறந்தால் உங்கள் கணினியில் எல்லாம் வேலை செய்யும், ஏனென்றால் ஓவர்ரைட்டில் இருப்பதும் ஆட்டத்துக்குத் தெரியும். வெளியிட்ட ஜிப் கோப்பில்தான் அது இருக்காது. வோர்டெக்ஸ் என்ற இன்னொரு நிர்வாகக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்குக் கோப்பு நேராக டேட்டாவுக்குள் விழும். அதை மாட்டின் ஸ்டேஜிங் கோப்புறைக்கு நீங்களே எடுத்துப் போட வேண்டும்.

அடுத்தது, சீக் கோப்பு பழசாகிப் போவது. இல்லாத கோப்பை விட இது மோசம், கோப்பு இருக்கிறதே என்று தேடாமல் விட்டுவிடுவோம். பட்டியலில் எழுதப்படும் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் லோட் ஆர்டரில் (ஆட்டம் ப்ளகின்களைத் திறக்கும் வரிசையில்) ப்ளகின் இருக்கும் இடம் கிடையாது. ப்ளகினுக்கு எத்தனை மாஸ்டர்கள் இருக்கின்றனவோ அந்த எண்ணிக்கை.

ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ப்ளகினுக்கு ஸ்கைரிம் இ.எஸ்.எம், அப்டேட் இ.எஸ்.எம் என்று இரண்டு மாஸ்டர்கள். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஸ்கைரிம் 00, அப்டேட் 01, உங்கள் சொந்த ரெக்கார்டுகள் 02. க்வெஸ்டின் சொந்த எண் 003512 என்றால் சீக் கோப்பில் பதிவது 02003512. பைட்டுகள் தலைகீழ் வரிசையில் இருக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் 12 35 00 02 என்று தெரியும். அதே க்வெஸ்டை எக்ஸ்எடிட்டின் பட்டியலில் பார்த்தால் 05003512 என்று காட்டலாம், அது அப்போதைய லோட் ஆர்டர் எண். இரண்டும் வேறு வேறு என்பதால் கோப்பு தவறு என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது ஏதோ ஒரு தேவைக்காக டான்கார்ட் என்ற கூடுதல் தொகுப்பின் பொருள் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். டான்கார்ட் இ.எஸ்.எம் மூன்றாவது மாஸ்டராகிறது. 02 இனி அதற்கு உரியது, உங்கள் ரெக்கார்டுகள் 03க்கு நகர்ந்துவிட்டன. ப்ளகினுக்குள் இருக்கும் எண்களை எக்ஸ்எடிட்டோ கிரியேஷன் கிட்டோ திருத்திவிடும். சீக் கோப்பு வேறு கோப்பு, அதை யாரும் தொடுவதில்லை. அதில் இன்னும் 02003512 என்றே இருக்கிறது. அதாவது, டான்கார்டின் 003512 என்ற ரெக்கார்டைச் சுட்டுகிறது. உங்கள் க்வெஸ்ட் பட்டியலில் இல்லாததற்குச் சமம்.

மாஸ்டர் சேர்த்தால், நீக்கினால், எக்ஸ்எடிட்டின் 'கிளீன் மாஸ்டர்ஸ்' ஓட்டி எண்ணிக்கை குறைந்தால் சீக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும். டிக் வைத்த க்வெஸ்ட் புதிதாகச் சேர்ந்தாலும் அப்படியே. பயனர் தன் லோட் ஆர்டரில் ப்ளகினை மேலே கீழே நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. அந்த எண் லோட் ஆர்டரைச் சார்ந்தது இல்லையே.

சரிபார்க்க இரண்டு வழி. கோப்பின் அளவை நான்கால் வகுத்தால் க்வெஸ்டுகளின் எண்ணிக்கை வர வேண்டும். ஹெக்ஸ் எடிட்டரில் ஒவ்வொரு நான்காவது பைட்டும் உங்கள் மாஸ்டர் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இரண்டாவது சோதனை ஒரு பார்வையில் முடிந்துவிடும், பழசாகிப் போன கோப்பையும் உடனே காட்டிக்கொடுக்கும்.

பேட்ச் ப்ளகின்களுக்கு ஒரு விதிவிலக்கு. வேறு ஒருவருடைய க்வெஸ்டை உங்கள் பேட்ச் மாற்றி எழுதுகிறது, மூல ப்ளகினிலேயே அந்த டிக் இருக்கிறது என்றால் பேட்சுக்குத் தனி சீக் வேண்டியதில்லை. மூலத்தில் இல்லாத டிக்கை பேட்ச் சேர்த்தால் வேண்டும். பல ப்ளகின்களை ஒன்றாக இணைத்தால், இணைந்த ப்ளகினின் பெயரில் புதிய கோப்பு வேண்டும். பழையவற்றைப் பெயர் மாற்றி ஒட்டவைக்க முடியாது, உள்ளே எண்கள் மாறியிருக்கும்.

முகக் கோப்புகள்

என்பிசி (ஆட்டமே இயக்கும் கதாபாத்திரம்) ஒருவரின் முகத்தை ஆட்டம் ஓடும்போது கட்டி எழுப்புவதில்லை. கிரியேஷன் கிட் முன்கூட்டியே செதுக்கி வைத்த இரண்டு கோப்புகளை எடுத்து வைக்கிறது. ஒன்று தலையின் வடிவம், நிஃப் கோப்பு. மற்றது தோலின் நிறப்பூச்சு, டி.டி.எஸ் கோப்பு. மெஷஸ், ஆக்டர்ஸ், கேரக்டர், ஃபேஸ்ஜென்டேட்டா, ஃபேஸ்ஜியோம் என்று கோப்புறைகள் ஒன்றினுள் ஒன்றாகப் போய், கடைசியில் ப்ளகினின் முழுப்பெயர் கொண்ட கோப்புறையில் நிஃப் இருக்கும். டெக்ஸ்சர்ஸ் பக்கம் அதே மாதிரி, கடைசியில் ஃபேஸ்ஜியோமுக்குப் பதில் ஃபேஸ்டின்ட். கோப்பின் பெயர் அந்த என்பிசியின் ஃபார்ம் ஐடி, முதல் இரண்டு இலக்கம் எப்போதும் 00.

இங்கே பலர் தடுமாறும் இடம் கோப்புறையின் பெயர். அது என்பிசியை முதலில் உருவாக்கிய ப்ளகினின் பெயர். உங்கள் மாட் ஸ்கைரிமின் அசல் கதாபாத்திரம் ஒருவரின் முகத்தை மாற்றுகிறது என்றால், முகக் கோப்புகள் ஸ்கைரிம் இ.எஸ்.எம் என்ற பெயருள்ள கோப்புறையில்தான் இருக்க வேண்டும். உங்கள் ப்ளகினின் பெயரில் வைத்தால் ஆட்டம் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

உருவாக்கும் முறை: கிரியேஷன் கிட்டில் உங்கள் ப்ளகினை ஆக்டிவ் கோப்பாக வைத்துத் திறந்து, ஆக்டர் பட்டியலில் வேண்டியவர்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு எஃப்4 அழுத்தி, கேட்கும் கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள். ஷிஃப்ட் பிடித்துப் பலரை ஒரே சமயத்தில் தேர்ந்தெடுக்கலாம். டி.டி.எஸ்ஸோடு டி.ஜி.ஏ கோப்பும் வந்திருந்தால் அழித்துவிடுங்கள், ஆட்டத்துக்கு அது வேண்டாம். அழுத்துவதற்கு முன்னால் டேட்டாவில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். அந்த நேரத்தில் கிரியேஷன் கிட்டுக்குத் தெரியும் தலைப்பாகங்களைத்தான் அது செதுக்கும். நீங்கள் விளையாட வைத்திருக்கும் புருவ மாட், முடி மாட், தலை மாட் எல்லாம் சுட்டுப் பதிந்துவிடும். இதற்கென்று மாட் ஆர்கனைசரில் சுத்தமான தனி ப்ரொஃபைல் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் தெரிந்த கோளாறு, உடல் ஒரு நிறம், முகம் கறுத்துச் சாம்பல் பூத்த நிறம். கோப்பே இல்லாவிட்டாலும் இது வரும். கோப்பு இருந்தும் வந்தால் காரணம் பொருந்தாமை. நிஃபுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு: முடி, கண், வாய், புருவம். அந்தப் பெயர் தலைப்பாக ரெக்கார்டின் எடிட்டர் ஐடி. என்பிசி ரெக்கார்டு எந்தத் தலைப்பாகங்களைச் சொல்கிறதோ அவையே நிஃபிலும் இருக்க வேண்டும். நிஃப் கோப்புகளைத் திறக்கும் நிஃப்ஸ்கோப்பில் ஒரு பக்கம், எக்ஸ்எடிட்டில் ஒரு பக்கம் திறந்து பெயர்களை ஒப்பிட்டால் எது மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். முகத்தைச் செதுக்கிய பிறகு, ஒழுங்குபடுத்துகிறேன் என்று தலைப்பாகத்தின் எடிட்டர் ஐடியை மாற்றினாலும் இந்தக் கோளாறு வரும். ஃபார்ம் ஐடி மாறாமல் இருந்தும் உடைகிற இடம் இது ஒன்று.

பயனர் பக்கம் வரும் கறுத்த முகத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு மாட்டுகளின் மோதல். ஒரே என்பிசியை இரண்டு மாட்டுகள் தொடுகின்றன. மாட் ஆர்கனைசரின் வலது பலகத்தில் ஒன்றின் ப்ளகின் ஜெயிக்கிறது, இடது பலகத்தில் மற்றதன் கோப்புகள் ஜெயிக்கின்றன. ரெக்கார்டு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. இரண்டு பலகத்திலும் ஒரே மாட் ஜெயிக்கும்படி வரிசையை வைத்தால் தீரும். ஒரு மாட்டின் முகங்கள் பி.எஸ்.ஏ பெட்டகத்திலும் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) மற்றதன் முகங்கள் தளர்வான கோப்புகளாகவும் இருந்தால், லோட் ஆர்டர் எப்படி இருந்தாலும் தளர்வானவையே ஜெயிக்கும். கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும்போது முதலில் இதைக் கேளுங்கள். ஃபேஸ் டிஸ்கலரேஷன் ஃபிக்ஸ் என்ற மாட் நிறத்தை மறைக்கும். ஆனால் பொருத்தமில்லாத முகம் அப்படியேதான் இருக்கும். மாட் செய்பவர் தன் தவறுக்கு அதைப் பரிந்துரைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

பழைய பதிப்பிலிருந்து முகங்களைக் கொண்டுவருபவர்கள் நிஃபை மாற்றும் கருவியில் தலைப்பாகங்களுக்கு என்று தனியாக உள்ள தேர்வை டிக் செய்ய வேண்டும். ஸ்பெஷல் எடிஷனில் தலையின் துண்டுகளுக்கு வேறு வகைக் கட்டமைப்பு. முடிந்தால் மாற்றுவதை விட்டுவிட்டு, புதிய கிரியேஷன் கிட்டிலேயே திரும்பச் செதுக்கிவிடுங்கள். அதில்தான் நிம்மதி.

குரலும் உதட்டசைவும்

உரையாடல் வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபஸ் கோப்பு. அது வேறொன்றும் இல்லை, உதட்டசைவுக்கான லிப் கோப்பையும் எக்ஸ்.டபிள்யூ.எம் ஒலிக் கோப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, முன்னால் சிறிய தலைப்பு வைத்தது. சவுண்ட், வாய்ஸ், ப்ளகினின் முழுப்பெயர், குரல் வகை என்ற கோப்புறை வரிசையில் இருக்கும். கோப்பின் பெயரில் க்வெஸ்ட் பெயரின் தொடக்கம், டாபிக் பெயரின் தொடக்கம், பிறகு ஃபார்ம் ஐடி, கடைசியில் எத்தனையாவது பதில் என்ற எண். பெயர்கள் நீளமாக இருந்தால் வெட்டப்படும். இந்தப் பெயரை நீங்களே கணக்கிட்டு எழுத முயலாதீர்கள். கிரியேஷன் கிட்டில் பதில் வரியின் சாளரத்தில் அது தெரியும், எக்ஸ்எடிட்டோடு வரும் உரையாடல் ஏற்றுமதி ஸ்கிரிப்டும் எல்லாப் பெயர்களையும் மொத்தமாக எடுத்துத் தரும். குரல் கொடுப்பவருக்கு அனுப்பும் பட்டியலாகவும் அது உதவும்.

ஒலிப்பதிவு 44100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக இருக்கட்டும். ஸ்டீரியோவில் பதிவான கோப்பு பல நேரம் லிப் உருவாக்கும் கட்டத்திலேயே நின்றுவிடும். சரியான பெயரோடு சரியான கோப்புறையில் வைத்து, பதில் சாளரத்தில் குரல் வகையைத் தேர்ந்தெடுத்து, வேவிலிருந்து என்ற தேர்வை வைத்து லிப் உருவாக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஃபோனிக்ஸ்டேட்டா என்ற தரவுக்கோப்பு சவுண்ட், வாய்ஸ், ப்ராசஸிங் கோப்புறையில் இல்லையென்றால் இது நடக்காது. ஸ்பெஷல் எடிஷனின் 64 பிட் கிரியேஷன் கிட் நீண்ட காலம் இந்த வேலையைச் செய்யத் தடுமாறியதால், பலர் பழைய 32 பிட் கிட்டில் இதை மட்டும் செய்து கொண்டுவந்தார்கள். இப்போது கிட்டோடு வரும் லிப் ஜெனரேட்டர் என்ற தனிக் கருவியைப் பயன்படுத்தலாம்.

லிப் கருவி ஒலியை மட்டும் பார்ப்பதில்லை, வரியின் எழுத்தையும் ஒலியோடு சேர்த்துப் பொருத்துகிறது. வசனத்தைத் திருத்தி மறுபடி பதிவு செய்தால் லிப்பும் மறுபடி. எழுத்துப் பிழை திருத்தம் என்றால் விட்டுவிடலாம்.

குரலே இல்லாத மாட் என்றால் வசன எழுத்து கண்சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும், ஒலியின் நீளத்தை வைத்துத்தான் ஆட்டம் எழுத்தை நிறுத்தி வைக்கிறது. ஃபஸ் ரோ டோ என்ற மாட்டைத் தேவைப்பட்டியலில் சேர்க்கலாம், அல்லது வரியின் நீளத்துக்கு ஏற்ற மௌனக் கோப்புகளைச் சேர்த்து அனுப்பலாம். சில வரிகள் மட்டுமே உள்ள சிறிய மாட்டுக்கு மௌனக் கோப்புகள் நல்லது. பயனர் இன்னொன்றைத் தேடி நிறுவ வேண்டியதில்லை.

எண்களைச் சுருக்கும்போது

இ.எஸ்.எல் கொடி (லேசான ப்ளகின் என்ற குறி) வைத்த ப்ளகின்கள் 254 ப்ளகின்கள் என்ற பழைய வரம்பில் இடம் பிடிப்பதில்லை. 4096 வரை தனி வரிசையில் நிற்கலாம். அதனால் பயனர்கள் அதைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயம்தான். கொடி வைக்க வேண்டுமானால் ப்ளகினின் புதிய ரெக்கார்டுகள் 2048க்குள் இருக்க வேண்டும், எண்களும் பதினறும 800இல் தொடங்கும் குறுகிய இடத்துக்குள் அடங்க வேண்டும். 2023 டிசம்பரில் வந்த 1.6.1130 பதிப்பு இதை 4096ஆக விரித்தது. அந்தப் புதிய இடத்தைப் பயன்படுத்தினால் பழைய பதிப்பில் விளையாடுபவர்களுக்குத் தனி ஆதரவு மாட் தேவைப்படும்.

எண்கள் அடங்கவில்லையென்றால் எக்ஸ்எடிட்டின் 'காம்பாக்ட் ஃபார்ம் ஐடிஸ்' ஓட்டுவோம். துணைக்கோப்புகளுக்கு இதுதான் பெரிய வெட்டு. 00003512 என்று இருந்த என்பிசி ஒருவர் 00000812 ஆகிவிட்டால், அவருடைய முகக் கோப்பு இரண்டும் அநாதை. குரல் கோப்புகள் எல்லாம் அநாதை. சீக் கோப்பில் இருப்பது இல்லாத எண். ஸ்கிரிப்டில் ப்ராபர்ட்டி வழியாகக் கட்டியவை தப்பித்துவிடும், அந்த இணைப்பு ப்ளகினுக்குள் இருப்பதால் எக்ஸ்எடிட் அதையும் மாற்றிவிடும். எண்ணை நேரடியாக எழுதி ப்ளகினிலிருந்து ஃபார்மைக் கேட்கும் ஸ்கிரிப்ட் வரிகள் மட்டும் தப்பாது. திருத்தி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஸ்பெல் பெர்க் ஐட்டம் டிஸ்ட்ரிபியூட்டர் போன்ற மாட்டுகளுக்கு எழுதிய ஐ.என்.ஐ கோப்புகளில் உள்ள எண்களும் அப்படியே. உங்கள் மாட்டை மாஸ்டராக வைத்து மற்றவர்கள் செய்த பேட்ச்கள் எல்லாம் உடையும், பழைய சேவ்களும் உடையும்.

அதனால் சுருக்குவதை முதல் வெளியீட்டுக்கு முன்பே செய்துவிடுங்கள். வெளியான மாட்டில் செய்வது கட்டாயம் என்றால் புதிய ஆட்டம் தேவை என்று தலைப்பிலேயே எழுதுங்கள். முகங்களைப் பெயர் மாற்றிச் சரிசெய்ய ஆசைப்பட வேண்டாம், நிஃபின் உள்ளேயும் நிறப்பூச்சுக் கோப்பின் பாதை பழைய எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறது. திரும்பச் செதுக்குவது சில நிமிட வேலை. குரல் கோப்புகளை மட்டும் பெயர் மாற்றலாம், ஒலி மாறவில்லையே. நூற்றுக்கணக்கில் இருந்தால் இ.எஸ்.எல்லிஃபை எவ்ரிதிங் என்ற கருவி எக்ஸ்எடிட்டின் பதிவைப் படித்து மொத்தமாகப் பெயர் மாற்றித் தரும்.

மாஸ்டர் எண்ணிக்கை மாறியபோது சீக் மட்டும் உடைந்ததையும், சுருக்கியபோது மூன்றும் உடைவதையும் சேர்த்துப் பாருங்கள். முகமும் குரலும் முதல் இரண்டு இலக்கத்தை 00 என்று வைத்துக்கொள்கின்றன, அதனால் மாஸ்டர் மாற்றம் அவற்றைத் தொடாது. சீக் அந்த இரண்டு இலக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறது.

பெயர் மாற்றினால்

ப்ளகினின் பெயரை மாற்றினால் எல்லாமே மாற வேண்டும்: சீக் கோப்பின் பெயர், முகக் கோப்புறை இரண்டு, குரல் கோப்புறை, பி.எஸ்.ஏ பெட்டகம், மொழிபெயர்ப்புக் கோப்பு. இடைவெளி, எழுத்துக்கூட்டல் வரை ஒன்றாக இருக்க வேண்டும். இ.எஸ்.பி என்ற நீட்சியை இ.எஸ்.எம் ஆகவோ இ.எஸ்.எல் ஆகவோ மாற்றுவது பெயர் மாற்றம்தான். முகம், குரல் கோப்புறைகளின் பெயரில் நீட்சியும் சேர்ந்திருக்கிறது, அவை மாற வேண்டும். சீக்கிலும் பி.எஸ்.ஏவிலும் நீட்சி இல்லை, அவை அப்படியே இருக்கலாம். ஆகவே லேசான ப்ளகின் வேண்டுமானால் நீட்சியை மாற்றாமல் இ.எஸ்.பியிலேயே கொடியை வைப்பதுதான் நல்லது. கோப்புறை எதையும் தொட வேண்டியதில்லை.

எம்.சி.எம் (மாட்டின் அமைப்புகளை மாற்றும்) மெனுவின் மொழிபெயர்ப்புக் கோப்பும் ப்ளகினின் பெயரைச் சார்ந்ததுதான். அது யு.டி.எஃப்-16 எல்.இ குறியாக்கத்தில், முன்னால் பி.ஓ.எம் குறியோடு இருக்க வேண்டும். சாதாரண யு.டி.எஃப்-8இல் சேமித்தால் மெனுவில் டாலர் குறியோடு சாவிச்சொற்கள் மட்டும் தெரியும். சாவிக்கும் சொல்லுக்கும் நடுவே டேப் இருக்க வேண்டும், ஸ்பேஸ் கூடாது.

பெட்டகமும் சோதனையும்

வேலையின் வரிசை முக்கியம். முதலில் ப்ளகினின் பெயரை முடிவு செய்யுங்கள். பிறகு மாஸ்டர்களைச் சுத்தம் செய்து வரிசைப்படுத்துங்கள். தேவையென்றால் எண்களைச் சுருக்கிக் கொடி வையுங்கள். எக்ஸ்எடிட்டில் பிழை தேடுங்கள். இவ்வளவும் முடிந்த பின்புதான் முகங்கள், குரல்கள். சீக் எல்லாவற்றுக்கும் கடைசியில். முகங்களுக்காகக் கிரியேஷன் கிட்டைத் திறந்தபோது தற்செயலாக ப்ளகினையும் சேவ் செய்திருந்தால் மாஸ்டர் பட்டியலைத் திரும்ப ஒருமுறை பாருங்கள்.

பி.எஸ்.ஏ கட்டும்போது சுருக்கத்தை இயக்கினால் ஒலிக் கோப்புகள் அதில் சேரக் கூடாது. சுருக்கிய பெட்டகத்துக்குள் இருக்கும் குரல்கள் ஆட்டத்தில் ஒலிக்காது. பெட்டகம் 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. டெக்ஸ்சர்களை, ப்ளகினின் பெயரோடு ஹைஃபன் போட்டு டெக்ஸ்சர்ஸ் என்று முடியும் இரண்டாவது பெட்டகத்தில் வைக்கலாம், ஆட்டம் இரண்டையும் தானாக எடுத்துக்கொள்ளும். கட்டுவதற்கு முன்னால் ஓவர்ரைட் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அங்கே உங்கள் சீக் கோப்பும் முகங்களும் நெமிசிஸ் உருவாக்கிய அசைவுக் கோப்புகளோடும் தொலைதூரக் காட்சிகளை உருவாக்கும் டின்டோலாட்டின் வெளியீட்டோடும் கலந்து கிடக்கலாம். பின்னவை உங்கள் லோட் ஆர்டருக்காக உருவானவை. வெளியிட்டால் மற்றவர்களுடைய ஆட்டத்தைக் கெடுக்கும்.

சோதனைக்கு மாட் ஆர்கனைசரில் புது ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, வெளியிடப்போகும் அதே ஜிப் கோப்பிலிருந்து மாட்டை நிறுவுங்கள், உங்கள் வேலைக் கோப்புறையிலிருந்து வேண்டாம். புதிய ஆட்டம் தொடங்குங்கள். நடுவில் சேவ்-லோட் செய்யாதீர்கள், கதவைத் தாண்டும்போதே ஆட்டோசேவ் ஆகும் என்றாலும் அதை லோட் செய்யாத வரை பாதகமில்லை. செத்துப்போய் சேவிலிருந்து எழுந்தால் சோதனை வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேராக உங்கள் என்பிசியிடம் போங்கள். முகத்தின் நிறத்தைக் கழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேசுங்கள், வரி வருகிறதா, குரல் ஒலிக்கிறதா, உதடு அசைகிறதா என்று கவனியுங்கள். அடுத்து, மாட் இல்லாமல் எடுத்த பழைய சேவ் ஒன்றில் மாட்டைச் சேர்த்து லோட் செய்து, அதிலும் முதல் முறையே உரையாடல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் வந்தால் ஜிப்பை ஏற்றலாம்.